இணையவழிப் பட்டா: பல வருடப் பயன்பாட்டில் தேறியதும் தேறாததும்

தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா, சிட்டா பார்க்கக் கட்டணம் இல்லை. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்து, கைபேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டால் நகல் கைக்கு வந்துவிடும். வெறும் நகலுக்காக விஏஓவைத் தேடி அலைவது இதோடு ஒழிந்தது.

தேடி எதுவும் வரவில்லையென்றால் பதற வேண்டாம். 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி முதலான மாவட்டங்கள் பிரிந்தன. பத்திரத்தில் இருப்பது பழைய மாவட்டமாக இருக்கும். ஊருக்குள் இருக்கும் மனையென்றால் நத்தம் (குடியிருப்பு நிலம்) என்ற பிரிவில் தேட வேண்டும்.

பரப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். "0 - 40.50" என்று இருப்பது ஹெக்டேர், ஏர் கணக்கு. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். ஆக 40.50 ஏர் என்பது ஒரு ஏக்கர். இதை 40 சென்ட் என்று படித்துவிட்டு விலை பேச உட்காருகிறவர்கள் இன்றும் உண்டு. பட்டாவிலேயே சென்ட்டையும் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் கணக்கில் தளத்தைவிடப் பெரிய மாற்றம், பதிவுத்துறையின் தகவல் வருவாய்த்துறைக்குத் தானாகப் போவது. உட்பிரிவு முழுவதையும் வாங்கி, விற்பவர் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால், பத்திரம் பதிந்த கையோடு பட்டா மாற தனி மனு தேவையில்லை. ஆனால் இந்த நிபந்தனையில்தான் பாதிப் பேர் வெளியே நிற்கிறார்கள். தாத்தா பெயரில் கிடக்கும் பட்டா, இனிஷியல் மாறிய பெயர், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாத கூட்டுப் பட்டா என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். ஒரு பகுதியை மட்டும் வாங்கினால் சர்வேயர் நேரில் வந்து அளந்து, புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) கோடு விழுந்து, புது உட்பிரிவு எண் கிடைக்க வேண்டும். கணினி எவ்வளவு வேகமாக இருந்தாலும் சர்வேயர் வரும் நாளில்தான் வேலை நகரும். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூடிஆர் திட்டத்தின் பதிவில் விழுந்த பிழைகளும் அப்படியே கணினிக்குள் ஏறியிருக்கின்றன. அவற்றுக்கு மனுவும் விசாரணையும்தான் வழி.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பட்டாவில் உள்ள பெயரை விற்பவரின் ஆதாரோடும் மூலப் பத்திரத்தோடும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வில்லங்கத்தை, அதாவது அந்தச் சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் விவரத்தை, பதிவுத்துறைத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பதியாத உயிலும் வாய்ப் பாகப்பிரிவினையும் அதில் வராது.