நாலு பல்பு எரிந்த இடம்: ஐடஹோவின் ஈ.பி.ஆர்-1 அணு உலை அருங்காட்சியகம்

சர்க்கரை ஆலையில் 31 வருடம் பாய்லர் பார்த்தவன் நான். அமெரிக்காவின் ஐடஹோ ஃபால்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தால் எல்லோரும் யெல்லோஸ்டோனுக்குக் கிளம்புவார்கள். நான் மட்டும் அணு உலை பார்க்கணும் என்று அடம்பிடிப்பேன். போன வருடம் அக்டோபரில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். தப்பு எங்கள் மேல்தான். மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும். இந்த முறை ஜூலையில் போனோம். கட்டணம் கிடையாது.

ஊரிலிருந்து மேற்கே சுமார் 80 கிலோமீட்டர். வழி நெடுக எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை, புதர், வெயில். நடுவில் தனியாக ஒரு செங்கல் கட்டடம். அதுதான் ஈ.பி.ஆர்-1, அதாவது சோதனை ஈனுலை (Experimental Breeder Reactor): ஓடும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் அணு உலை. உலகத்தில் முதன்முதலில் அணுவிலிருந்து பயன்படுத்தும் அளவுக்கு மின்சாரம் எடுத்தது இதற்குள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. 1951 டிசம்பர் 20 அன்று நாலு பல்பு எரிந்தது. மறுநாள் கட்டடம் முழுவதற்கும் இதன் கரண்ட்தான். அன்று வேலையில் இருந்தவர்கள் சுவரில் சாக்பீஸால் எழுதிய பெயர்கள் இன்னும் இருக்கின்றன.

எல்லோரும் பல்பைப் படம் எடுக்கிறார்கள். நான் குழாய்களைப் பார்த்தேன். உலையின் சூட்டை எடுத்துப் போக இங்கே தண்ணீர் கிடையாது. சோடியமும் பொட்டாசியமும் கலந்த திரவ உலோகம், 'நாக்' என்கிறார்கள். தண்ணீர் பட்டால் பற்றிக்கொள்ளும். அதனால் உலையைத் தொட்டு வரும் நாக் ஒரு சுற்று, அதிலிருந்து சூட்டை வாங்கிக்கொள்ளும் நாக் இன்னொரு சுற்று, அதற்கப்புறம்தான் ஆவி, டர்பைன். என் பாய்லரில் குழாய் ஓட்டையானால் ஆவி வீணாகும், மேனேஜர் கத்துவார். இங்கே ஓட்டையானால் கதையே வேறு. கல்பாக்கத்தில் 1985-லிருந்து இருக்கும் சோதனை ஈனுலைக்கும் சோடியம்தான் குளிர்விப்பான். அங்கே வேலை செய்பவர்கள் மேல் இப்போது மரியாதை கூடிவிட்டது.

கட்டுப்பாட்டு அறையில் அரை மணி நேரம் நின்றேன். பேரன் கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை. முள் வைத்த அளவுமானிகள், திருகும் கைப்பிடிகள், எல்லாமே என் காலத்துச் சாமான். 1955 நவம்பரில் ஒரு சோதனைக்காகக் குளிர்விப்பான் ஓட்டத்தை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு உலையின் சக்தியை ஏற்றினார்கள். உடனே நிறுத்த வேண்டிய நேரத்தில், இயக்கியவர் அவசர நிறுத்தப் பொத்தானுக்குப் பதிலாக மெதுவாக இயங்கும் கட்டுப்பாட்டை அழுத்திவிட்டார். சில நொடித் தாமதம்தான். கால்பந்து அளவே இருந்த உலை மையத்தில் கிட்டத்தட்ட பாதி உருகிப்போனது. யாருக்கும் காயம் இல்லை. அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இரவு ஷிஃப்டில் தப்பான வால்வைத் திருப்பிவிட்டு வியர்த்து நின்ற அனுபவம் எனக்கும் உண்டு.

உலையை மூடினார்களே, அதுதான் எனக்கு முக்கியம். சக்கை போடுவதை நிறுத்தினால் பாய்லர் கொஞ்ச நேரத்தில் அடங்கும். பழசானால் காயலான் கடை லாரி வரும், எடை போட்டுப் பணம் தருவான், இடம் காலி. அணு உலையை நிறுத்திய அந்த நொடியிலும் முழுச் சூட்டில் ஆறேழு சதவீதம் உள்ளேயே ஊறிக்கொண்டிருக்கும்; குறையக் குறைய நாள், மாதம், வருடம் ஆகும். ஈ.பி.ஆர்-1 1963 கடைசியில் நின்றது. 1966-ல் அதிபர் ஜான்சனே வந்து தேசியச் சின்னமாக அறிவித்தார். ஆனால் எரிபொருளை எடுத்து, 'நாக்' திரவத்தை வடித்து, சுத்தம் செய்து ஜனங்களை உள்ளே விட 1970களின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

அதே அணு ஆய்வகத்தின் பரந்த வளாகத்தில் இருந்த தங்கை உலையான ஈ.பி.ஆர்-2 1994-ல் நின்றது. அதன் சோடியத்தைச் சும்மா கொட்ட முடியாது என்பதால் வேதிவினை செய்து சோடியம் ஹைட்ராக்சைடாக மாற்றினார்கள். அதாவது காஸ்டிக்! ஆலையில் எவாப்பரேட்டர் குழாயில் படிந்ததைக் கழுவ நாங்கள் டிரம் டிரம்மாகக் கொட்டிய அதே காஸ்டிக். இதை மகளிடம் சொன்னபோது, "அப்பா, இங்கயும் ஆலைக் கதையா?" என்றாள்.

வாசலில் விமானத்துக்காகச் செய்த இரண்டு அணு எஞ்சின் சோதனைக் கூடுகள் நிற்கின்றன. இரும்பு மலைகள். 1961-ல் கென்னடி அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார். "இது பறந்துச்சா தாத்தா?" "எங்கடா பறக்கும், கட்டடத்தைத் தூக்கிட்டுப் பறக்கிற மாதிரி இருக்கே."

நிழல் கிடையாது, தண்ணீரும் தொப்பியும் எடுத்துப் போங்கள். இரண்டு மணி நேரம் போதும், பாய்லர்காரர் கூட வந்தால் நாலு.

குழந்தைகளைக் கூட்டிப் போனால் இயந்திரக் கைக்குப் பக்கத்தில் விட்டுவிடுங்கள். கதிரியக்கப் பொருளைத் தள்ளி நின்றே எடுப்பதற்கான கை அது. இந்தப் பக்கம் நாம் பிடியை அசைத்தால் அந்தப் பக்கம் அது அசையும். பேரன் ஒரே ஒரு துண்டை எடுக்கப் பத்துத் தடவைக்கு மேல் முயன்றான். எடுத்தான், நழுவியது, மறுபடி எடுத்தான்.

"இங்க இருந்த எல்லாத்தையும் இப்படியேவா தாத்தா எடுத்தாங்க?"

"சூடான எரிபொருள் கம்பிங்களை இப்படித்தான், ஒண்ணொண்ணா."

அவன் பிடியை விட்டுவிட்டு விரல்களை உதறிக்கொண்டான்.