டைமர் வாங்குங்கள், சக்கர் வேண்டாம்: மீன்தொட்டிப் பாசியோடு சில வருடங்கள்

சென்னையில் மூன்றாவது மாடி வீடு. கூடத்தில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. கணக்குப் போட்டால் 56 லிட்டர் வரும். அடியில் மண், கல், மரத்துண்டு, மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். உள்ளே கப்பி, மாலி மீன்கள், நாலைந்து நத்தை. செடிகளில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், வாலிஸ்நேரியா. 2019 கோடைக்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.

இத்தனை வருடத்தில் பாசியை ஒழிக்கவென்று வீட்டுக்குள் வந்த சாமான்களுக்குக் கணக்கில்லை. காந்தத் தேய்ப்பான், பாசி மருந்து, திரவக் கார்பன், விதவிதமான லைட், "இது பாசியை மட்டுமே தின்னும்" என்று சொல்லி விற்கப்பட்ட மீன்கள். அதில் எது காசுக்குத் தகும், எது தகாது என்று எழுதலாம் என்றுதான் இது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிக உபயோகமானது, குறித்த நேரத்தில் லைட்டைத் தானாகப் போட்டு அணைக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டைமர் பிளக். மிக வீண், பாசி தின்னும் என்று சொல்லி விற்கும் சக்கர் மீன்.

பாசிக்கு வேண்டியது இரண்டு: வெளிச்சம், சாப்பாடு. மீன் வளர்க்கும் தொட்டியில் பாசிக்கான சாப்பாடு இல்லாமல் போகவே போகாது. மீன் கழிவு, மிச்சத் தீவனம், அழுகும் இலை என்று எல்லாமே அதற்கு விருந்து. சுத்தமாக இல்லாமல் செய்தால் செடியும் பட்டினி கிடக்கும். ஆகவே முழுசாக நம் பிடியில் இருப்பது வெளிச்சம் ஒன்றுதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் காலையில் எழுந்தவர் தொட்டி லைட்டைப் போடுவார், இரவு கடைசியாகப் படுக்கப் போகிறவர் அணைப்பார். பதினாலு மணி நேரம் ஆகிவிடும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற நிழல் செடிகளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் தாராளம். மீதி நேரத்து வெளிச்சம் பாசிக்கான அன்னதானம்.

எங்கள் வீட்டில் டைமர் மதியம் இரண்டு மணிக்கு லைட்டைப் போடும், இரவு ஒன்பதுக்கு அணைக்கும். வேலையிலிருந்து வந்து உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் வெளிச்சம் இருக்கும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு கண்ணாடி தேய்க்கும் வேலை பாதியாகக் குறைந்தது. கடையில் நீலம், சிவப்பு, ஊதா என்று மாறும் லைட்டுகளைக் காட்டுவார்கள். மீனின் நிறம் எடுப்பாகத் தெரியும், அது உண்மை. செடிக்கென்று பார்த்தால் 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் போன்ற நிறம்) வெள்ளை எல்இடி போதும். வெளிச்சம் அதிகம் என்று தோன்றினால் லைட்டை நாலு விரல் மேலே தூக்கி வையுங்கள். அதற்குச் செலவே இல்லை.

ஜன்னல் வெயில் தனிக் கதை. தொட்டியின் பக்கவாட்டில் காலை வெயில் ஒரு மணி நேரம் விழுந்தாலும் போதும், தண்ணீரே பச்சையாகிவிடலாம். இது கண்ணாடியில் ஒட்டும் பாசி இல்லை, தண்ணீரில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. எத்தனை வாளி மாற்றினாலும் இரண்டு நாளில் திரும்ப வந்து நிற்கும். லைட்டை அணைத்து, தொட்டியைச் சுற்றிக் கெட்டியான போர்வை போட்டு மூன்று நான்கு நாள் இருட்டில் விட வேண்டும். ஏர் பம்ப் மட்டும் நிற்கக் கூடாது, ஏனென்றால் சாகும் பாசி ஆக்சிஜனைத் தின்னும். பிறகு பாதித் தண்ணீரை மாற்றி, அந்த ஜன்னலுக்கு ஒரு திரை போட்டால் முடிந்தது. பச்சைத் தண்ணீரால் மீனுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. மொட்டைமாடியில் சிமெண்ட் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர்கள் குஞ்சுகளுக்காகவே அதை விட்டுவைப்பதுண்டு. கூடத்தில் வைத்திருக்கும் நமக்குத்தான் உள்ளே மீன் தெரிய வேண்டும்.

சரி, சக்கருக்கு வருவோம். கொளத்தூர் மீன் கடைத் தெருவுக்குப் போய்ப் பாசி என்று வாயைத் திறந்தால் போதும். "ஒரு சக்கர் போட்டுட்டுப் போங்க சார், டேங்க் பளிச்சுனு ஆயிடும்" என்பார்கள். இரண்டு அங்குலத்தில் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பார்க்க அழகாகத்தான் இருக்கும். சின்ன வயதில் கொஞ்சம் பாசியும் தின்னும். ஆனால் அது ஓரடிக்கு மேல் வளரக்கூடிய மீன். வளர வளரப் பாசியை விட்டுவிட்டு மற்ற மீன்களுக்குப் போட்ட தீவனத்தைத் தின்னப் பழகிவிடும். அது போடும் கழிவைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள், நூல் நூலாக மண்மேல் கிடக்கும். அந்தக் கழிவுதான் அடுத்த பாசிக்கு உரம். பாசி தின்ன வாங்கிய மீன் பாசிக்குச் சோறு போடுகிறது.

இன்னொரு பெரிய வில்லங்கமும் உண்டு. தொட்டிக்கு மேல் வளர்ந்ததும் பாவம் பார்த்து ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்க மீன் அது. இங்கே அதைப் பிடித்துத் தின்ன ஆளில்லை. மேலே ஓடு போன்ற செதில், முள் துடுப்பு. தென்னிந்திய நீர்நிலைகள் பலவற்றில் இன்று அது பெருகிக் கிடக்கிறது, மீனவர் வலையைக் கிழிக்கிறது. வளர்க்க முடியவில்லையென்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.

அப்படியானால் எந்த உயிரினம்தான் வேலை செய்கிறது? என் அனுபவத்தில் நெரைட் நத்தை. கண்ணாடியில் புள்ளி புள்ளியாகக் கெட்டியாக ஒட்டும் பச்சைப் பாசியைக்கூடச் சுரண்டித் தின்கிறது. நன்னீரில் அதன் முட்டை பொரியாது என்பதால் பெருகித் தொல்லை தராது. ஆனால் அந்த முட்டைகள் வெள்ளை எள் போல மரத்துண்டெங்கும் ஒட்டிக்கிடக்கும், அது பிடிக்காதவர்கள் வாங்க வேண்டாம். நத்தை ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும். நம் ஊர்க் கடினத் தண்ணீர் அதற்குத் தோது. மாலியும் சும்மா இருப்பதில்லை, நாள் முழுக்க இலையையும் கல்லையும் கொத்திக்கொண்டே இருக்கும். சயாமீஸ் ஆல்கே ஈட்டர் நல்ல மீன்தான், ஆனால் அரை அடி வரை வளரும், மூன்றடித் தொட்டியாவது வேண்டும். அதன் பெயரில் வேறு மீனையும் விற்கிறார்கள். அசல் மீனின் கறுப்புக் கோடு மூக்கிலிருந்து வால் துடுப்பின் நுனி வரை போகும். வாய் உறிஞ்சுகுழல் போலக் கண்ணாடியில் அப்பிக்கொண்டால் அது வேறு, வளர்ந்ததும் மற்ற மீன்களை விரட்டும்.

பாசியில் எல்லாவற்றுக்கும் பதற வேண்டியதில்லை. புதுத் தொட்டியில் முதல் மாதம் இரண்டு மாதம் காபிப்பொடி தூவியது போலப் பழுப்பாகப் படிவது டயாட்டம் என்கிற நுண்பாசி. விரலால் தொட்டாலே போய்விடும், தொட்டி பழகியதும் தானாகவே மறையும். அதற்கு மருந்து வாங்குவது வீண். நூல் போல நீளும் பாசியைப் பழைய டூத் பிரஷ்ஷில் சுற்றி இழுத்தால் வந்துவிடும். கண்ணாடிக்குப் பழைய ஏடிஎம் கார்டு போதும். காந்தத் தேய்ப்பான் வசதிதான், ஆனால் நடுவில் ஒரு மணல் துகள் சிக்கினால் கண்ணாடியில் கோடு விழுந்துவிடும், அந்தக் கோடு போகவே போகாது. பின்பக்கக் கண்ணாடியை நான் தேய்ப்பதே இல்லை. மாலிக்கு மேய்ச்சல் நிலமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

உண்மையான தலைவலி கறுப்புத் தாடிப் பாசி. இலை ஓரத்திலும் ஃபில்டர் வாயிலும் கறுப்புக் குஞ்சம் போல முளைக்கும், பிடுங்கினால் இலைதான் கிழியும். வகைப்படி அது சிவப்புப் பாசி இனம். செத்தால் இளஞ்சிவப்பாகிக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு நான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு. கல்லையும் மரத்துண்டையும் வெளியே எடுத்து, பாசி மேல் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவித் திரும்ப வைத்தால் சில நாளில் வெளிறி உதிரும். நம் ஊர்க் கடைகளில் 6 சதவீதக் கரைசல் பரவலாகக் கிடைக்கிறது. இணையத்தில் சொல்லும் அளவுகள் பெரும்பாலும் 3 சதவீதத்துக்கானவை. லேபிளைப் பார்த்து, சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ரொம்பப் பீடித்த இலையை வெட்டிப் போடுவதே நல்லது.

நீலப்பச்சையாக வழுவழுவென்று போர்வை போலப் படர்ந்து, சேற்று நாற்றம் அடித்தால் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா என்கிற நுண்ணுயிர். சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, மேலே சொன்ன இருட்டு வைத்தியம், கூடவே அந்த மூலைக்குத் தண்ணீர் ஓட்டம் போகும்படி ஃபில்டரைத் திருப்புதல். எரித்ரோமைசின் மாத்திரை போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கும், ஆனால் கழுவிக் கொட்டும் தண்ணீரோடு ஆன்டிபயாட்டிக்கும் சாக்கடைக்குப் போவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பாட்டில் பாசி மருந்துகளில் சிலவற்றில் செம்பு உண்டு. அது நத்தையையும் இறாலையும் கொல்லும். வாங்குவதற்கு முன் லேபிளைப் படியுங்கள்.

மருந்துக்குப் பதில் மணிபிளாண்ட் வையுங்கள் என்பேன். ஒரு கொடியை வெட்டி, வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி தொட்டி ஓரத்தில் தொங்கவிட்டால் போதும். இலை வெளியே இருப்பதால் காற்றிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு கிடைக்கிறது, வேகமாக வளர்கிறது, தண்ணீரில் பாசிக்கு உரமாகும் நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்கிறது. எங்கள் வீட்டில் அது ஜன்னல் கம்பி வரை ஏறிவிட்டது.

தீவனத்தில் கையைக் கட்டுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். மீன் எப்போது பார்த்தாலும் பசித்த மாதிரிதான் மேலே வரும். ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, ஒரு நாளைக்கு ஒரு முறை, எங்கள் வீட்டு மீன்களுக்குச் சனிக்கிழமை விரதம். கப்பியில் ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் மாதா மாதம் குஞ்சு. கூட்டம் கூடினால் கழிவு கூடும், அதன் பின்னாலேயே பாசியும் வரும். ஆண் கப்பி மட்டும் வைத்துக்கொள்வது நிம்மதி, நிறமும் அதற்குத்தான்.

தண்ணீர் மாற்றம் வாரம் கால் பங்கு. மெட்ரோ தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு, இல்லையென்றால் வாளியில் ஒரு நாள் விட்டு ஊற்றலாம். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கசக்கக் கூடாது. மீன் கழிவில் உண்டாகும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது, குளோரின் அதைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். கடினத் தண்ணீரில் பிஎச் (அமில, காரத்தன்மையின் அளவு) 8 பக்கம் இருக்கும், அங்கே அமோனியாவின் நச்சு வடிவம் பிஎச் 7-இல் இருப்பதைப் போலப் பத்து மடங்கு வரை. பாசிக்கு முன்னால் மீனைக் காப்பாற்றுவது இந்த ஸ்பாஞ்ச்.

சென்னையின் மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல், 32-இல் 7.3 போல. மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் அதுதான் அர்த்தம். ஐஸ் கட்டி போடாதீர்கள், திடீர் மாற்றம் இன்னும் மோசம். ஒரு சின்ன டேபிள் ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் வீச விட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தினமும் ஒரு லிட்டர் போல ஆவியாகும். உப்பு ஆவியாகாதே. போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி நிரப்பினால் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் அளவு, ஏறிக்கொண்டே போகும். ஆவியான அளவை மட்டும் ஆர்ஓ தண்ணீரால் நிரப்புகிறேன். கண்ணாடி மேல்விளிம்பில் படியும் வெள்ளை உப்புக்கறைக்கு, தண்ணீர் மட்டத்தை இறக்கிவிட்டு, வினிகர் நனைத்த துணியால் துடைத்தால் போகும்.

2019-இல் செம்பரம்பாக்கம், புழல் எல்லாம் வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நாட்களில், "மீனுக்குத் தண்ணி மாத்துறீங்களா?" என்று கீழ்வீட்டு அக்கா கேட்டார். கேட்டது நியாயம்தான். அந்த மாதங்களில் தீவனத்தைப் பாதியாக்கி, மாற்றத்தை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கினேன். எடுத்த தண்ணீர் முழுக்க அவர் வீட்டுக் கறிவேப்பிலைக்குப் போனது. இன்றும் போகிறது, இப்போது அவரே வாளியை மேலே அனுப்புகிறார்.

மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கம் இரண்டு நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. பேட்டரி தீர்ந்த பிறகு சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம், தீவனம் போடவே இல்லை. கரண்ட் வந்ததும் ஃபில்டரை அப்படியே ஓட்டிவிடாதீர்கள். மணிக்கணக்காக நின்ற ஃபில்டருக்குள் தண்ணீர் கெட்டிருக்கும், அலசிவிட்டுப் போடுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் தீவன டப்பாவைக் கொடுப்பது பாசிக்கு அழைப்பிதழ் வைப்பது. பாசத்தில் கொட்டிவிடுவார்கள். வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் பட்டினி தாங்கும். அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு நாளுக்கானதையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, தேதி எழுதிக் கொடுத்துவிட்டு, டப்பாவைப் பெட்டியில் வைத்துக் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.