மண்டபம் பக்கம் வெள்ளை-நீல வீடு: தங்கலாம், வாங்கலாமா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, வடகடல் ஓரமாக, வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமாகச் சில வீடுகளைக் கட்டி விற்கிறார்கள். விற்காமல் நிற்கும் வீடுகளை நாள் வாடகைக்கும் விடுகிறார்கள். 'மத்தியதரைக் கடல் பாணியில் உங்கள் இரண்டாவது வீடு' என்று விளம்பரம். ரியாத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகனுக்கு அதில் ஒன்று வேண்டுமாம். "மாமா, நீங்க கப்பல்ல அந்தப் பக்கமெல்லாம் சுத்துனவரு. போய்த் தங்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றான். மாசியில் போகச் சொன்னான். நான் கார்த்திகையில் போனேன். கடலோரத்தில் வீடு வாங்க நினைப்பவர் அதை வாடைக்காற்றில்தான் பார்க்க வேண்டும். மாசியில் எந்த வீடும் நல்ல வீடுதான்.

தங்கும் இடமாகக் குறை சொல்ல அதிகம் இல்லை. இரவுக்கு 4,500 ரூபாய். படுக்கை சுத்தம், கழிப்பறை சுத்தம். பின்னால் சவுக்குத் தோப்பு. கரையோரம் ஆழம் குறைவு என்பதால் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் குழந்தைகளை இறக்கலாம். காவலுக்கு இருக்கும் தம்பி காலையில் பாம்பன் போய்க் கணவாயும் நண்டும் வாங்கி வருகிறார், அவர் மனைவி சமைக்கிறார். நம்மூர் ராமநாதபுரத்து முண்டு மிளகாய் அரைத்து ஊற்றிய நண்டுக் குழம்பு. அந்த மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். இந்த அம்மாவின் குழம்பைச் சாப்பிட்டிருந்தால் முன்னாலேயே கொடுத்திருப்பார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்தபிறகு ராமேஸ்வரத்துக்கு மறுபடி ரயில் ஓடுகிறது, அதனால் கார் இல்லாதவர்களும் ஒருநாள் போய்வரலாம்.

வீட்டுக்கு வருகிறேன். நான் இன்ஜின் ரூம் ஆள். மத்தியதரைக் கடலோரத்து வலென்சியா, ஜெனோவா, பிரேயஸ் துறைமுகங்களில் கப்பல் நின்றபோதெல்லாம் ஊருக்குள் நடந்திருக்கிறேன். அந்த வீடுகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்குக் காரணம் உண்டு. ஸ்பெயினின் அலிகாண்டே நகரத்தில் வருஷத்துக்குப் பெய்யும் மழை 300 மில்லிமீட்டர் அளவுதான். வறண்ட பூமி என்று நாம் சலித்துக்கொள்ளும் ராமநாதபுரத்தில் 800-க்கு மேல். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு சேர்த்துக் கொட்டிவிடும். மழை குறைந்த ஊரில் சன்ஷேடு இல்லாமல் பெட்டி மாதிரி வீடு கட்டினால் நஷ்டமில்லை. இங்கே அதே பெட்டியைக் கட்டி, கடலைப் பார்த்து ஆளுயரக் கண்ணாடியும் வைத்தால் என்ன ஆகும்? முதல் ராத்திரியே வாடை அடித்த மழை ஜன்னல் சட்டத்துக்கு அடியில் புகுந்து, கட்டில் கால்வரை வந்துவிட்டது. துண்டுகளைப் போட்டு அடைத்தோம். காவலுக்கு இருக்கும் தம்பி பழைய சாக்கோடு தயாராகவே நின்றார், பாவம்.

ஸ்பெயின்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே சுருட்டி இறக்கும் தட்டி வைத்திருப்பார்கள், வெயிலும் காற்றும் அதோடு நின்றுவிடும். கிரீஸின் சான்டோரினியில் மொட்டைமாடித் தண்ணீரைக் கீழே தொட்டிக்கு இறக்கிச் சேமிப்பது பழைய வழக்கம். இந்த வீட்டைக் கட்டியவர் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். மாடித் தண்ணீர் குழாய்வழியே மணலுக்குப் போகிறது. குளிப்பதற்கு லாரியில் தண்ணீர் வருகிறது. போர்வெல்லில் வருவது உப்பு. சமையலுக்குக் காவல்காரத் தம்பி வீட்டில் மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீர், அது மட்டும் தித்திப்பு.

கட்டி இரண்டு வருஷம் ஆகாத வீட்டில் ஏசியின் வெளிப்பெட்டி துருப்பிடித்துப் பொரிந்திருக்கிறது. கேட் கீலும் அப்படியே. வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கப்போகும் வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. உப்புக்காற்று வீட்டுக்காரர் வரும்வரை காத்திருக்காது. மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் பெயின்ட், ஏசி எல்லாம் சேருமா என்று கேட்டேன். "அதெல்லாம் ஓனர் பொறுப்பு சார்" என்றார் விற்பனைப் பையன்.

கீழக்கரையில் பழைய வீடுகளைப் போய்ப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவர், உள்முற்றம், மழைக்குச் சரிந்த தாழ்வாரம். அந்தச் சுவர்களுக்குள் இருக்கும் பவளக்கல்லை இனி வெட்ட முடியாது, சட்டம் விடாது, விடவும் கூடாது. மற்றதையெல்லாம் இன்றைக்கும் செய்யலாமே. கிரீஸ்வரை ஏன் போனார்கள் என்று தெரியவில்லை.

இன்னொன்று. இங்கே தங்கிய பலர் 'கரையெல்லாம் குப்பை, நாற்றம்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் குறை நியாயமில்லை. கரையில் ஒதுங்கிக் கிடப்பது கடற்புல். பாக் விரிகுடாவில் அது இருப்பதால்தான் கடற்பசு இருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 2022-ல் கடற்பசுவுக்கென்று காப்பகமே அறிவித்தார்கள். மத்தியதரைக் கடலிலும் போசிடோனியா என்ற புல் இப்படியே குவியலாக ஒதுங்கும். அது அலையைத் தாங்கி மணலைப் பிடித்து வைக்கும் என்று அங்கே படித்தவர்கள் அள்ள வேண்டாம் என்கிறார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி நடங்கள்.

அப்புறம் பத்திரம். மக்கள் நெருக்கம் குறைந்த ஊராட்சிக் கடற்கரையில், கடல் ஏற்றத்தில் வந்து தொடும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புது வீடு கட்டத் தடை. விற்பனைப் பையன் அன்றைக்கு அலை வந்த இடத்தில் நின்று, "அங்கேருந்து பாருங்க சார், எவ்வளவு தூரம்" என்று காட்டினார். அந்தக் கோடு அரசு வரைபடத்தில் இருப்பது, நம் காலடியில் இருப்பதல்ல. வரைபடம் கேட்டேன், மூலப்பத்திரம் கேட்டேன், வீடு கட்டி விற்பவர்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ரெராவின் பதிவு எண் கேட்டேன். செல்போனில் ஒரு பட்டா மட்டும் காட்டினார். அதில் புஞ்சை, அதாவது விவசாய நிலம், என்று போட்டிருந்தது. அக்கா மகன் வெளிநாட்டில் குடியிருப்பவன். அந்நியச் செலாவணிச் சட்டப்படி அவன் இங்கே குடியிருப்பு வீடு வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. நிலவகை மாற்றிய உத்தரவு இல்லாமல் முன்பணம் போடக் கூடாது. கேட்டதற்கு, "ஆபீஸ்ல இருக்கு சார்" என்றார். ஆபீஸ் மதுரையில் இருக்கிறதாம்.

"அப்போ நிஜ ஸ்பெயின்லயே வாங்கிடவா மாமா?" என்று அவன் விளையாட்டாகக் கேட்டான். 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் குடியிருப்பு அனுமதி தரும் திட்டத்தை அவர்கள் 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். கிரீஸில் இன்னும் உண்டு, ஆனால் சான்டோரினியில் 8 லட்சம் யூரோ ஆக்கிவிட்டார்கள். அனுமதி இல்லாமல் வீடு மட்டும் வாங்கினால், 180 நாளில் 90 நாள்தான் அங்கே இருக்கலாம், அதற்கும் விசா வேண்டும்.

மண்டபம் வீட்டுக்கு வாடகை விருந்தாளியாகத் தை, மாசியில் குடும்பத்தோடு வரச் சொன்னேன், நண்டுக்கு முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும் என்றும் சொன்னேன். சரி என்றான். இப்போது கீழக்கரையில் பழைய வீடு ஏதாவது விலைக்கு வருகிறதா என்று விசாரிக்கச் சொல்கிறான். ஒன்று இருக்கிறது; பதினாறு வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும்.