ஆர்சிங்க், யூனிசன், சிங்திங்: சேவையகத்துடன் ஒத்திசைக்க எது உகந்தது?

ஒரு கோப்பில் ஓரிடத்தில் மட்டும் மாற்றம் நிகழுமா, இரண்டு இடங்களில் நிகழுமா என்பதைத் தீர்மானிக்காமல் இரு கணினிகளிலுள்ள கோப்புகளை ஒரேபோல் வைத்திருக்கும் ஒத்திசைவு மென்பொருள் தேடப் புறப்படுவது வீண் அலைச்சல். யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் நாங்கள் நடத்தும் சிறிய எண்ணிமப்படுத்தல் வேலைக்கூடத்தில் கோயில் சிறப்பு மலர்களையும் பாடசாலை ஆண்டு மலர்களையும் மின்வருடி, வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சேவையகத்துக்கு அனுப்புகிறோம். ஏ4 பக்கமொன்றை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) நிறப்படமாகச் சுருக்காமல் வருடினால் ஏறத்தாழ 100 மெகாபைட் வரும் என்பதால், எதை அனுப்புவது என்பதைவிட எதை மீண்டும் அனுப்பாமல் விடுவது என்பதே எங்களுக்குப் பெரிய கேள்வி.

ஃபைல்ஸில்லா போன்ற மென்பொருளில் கோப்புகளை இழுத்துப் போடுவது பத்துக் கோப்புகளுக்குச் சரி, ஆயிரத்துக்குச் சரிவராது.

1996 இல் அன்ட்ரூ ட்ரிஜெல், போல் மெக்கராஸ் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆர்சிங்க் இந்தக் கேள்விக்கென்றே எழுதப்பட்டது போலிருக்கும். அது முதலில் கோப்பின் அளவையும் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் மட்டுமே பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் திறந்துகூடப் பார்ப்பதில்லை. வேறுபட்டால், பெறும் பக்கம் தன்னிடமுள்ள பழைய கோப்பைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்து அனுப்ப, அனுப்பும் பக்கம் அந்த எண்களைத் தன் கோப்பில் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து தேடி, பொருந்தாத பகுதியை மட்டும் அனுப்புகிறது. இதனால் படத்தின் தலைப்பகுதியில் நூற்பெயரைச் சேர்த்து உள்ளடக்கம் சில நூறு பைட் தள்ளிப்போனாலும் முழுப் படமும் மீண்டும் பயணிப்பதில்லை. வேர்ட் கோப்புகளில் இந்தச் சிக்கனம் அவ்வளவாகக் கிடைக்காது. அவை உள்ளே ஸிப்பாகச் சுருக்கப்பட்டவை, ஓர் எழுத்தைத் திருத்தினாலும் பெரும்பகுதி மாறிவிடும்.

ஆர்சிங்க் ஒருவழிப் பாதை. மூலத்தில் இல்லாததை மறுபக்கத்தில் அழிக்கும் டிலீட் விருப்பத்தை நான் இரவு வேலையாகப் போட்டிருந்தேன். ஒரு மின்தடைக்குப் பின் கணினி மீண்டும் எழுந்தபோது வெளி வன்தட்டு இணையவில்லை; அதன் இடத்தில் வெற்றுக் கோப்புறை மட்டும் இருந்தது. ஆர்சிங்க் அந்த வெறுமையை அப்படியே சேவையகத்துக்கும் கொண்டுசென்றது. மென்பொருளைக் குறைசொல்ல முடியாது, சொன்னதைத்தான் செய்தது. இப்போது அழிக்கக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கைக்கு மேக்ஸ்-டிலீட் மூலம் வரம்பு வைத்திருக்கிறேன். புதிய கட்டளை எதையும் ட்ரை-ரன் என்ற ஒத்திகையில் பார்க்காமல் ஓட்டுவதில்லை. மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் சாய்கோடு இட்டால் உள்ளிருப்பவையும், இடாவிட்டால் கோப்புறையே முழுதாகவும் போகும் என்பதும் அந்த ஒத்திகையில்தான் கண்ணில் படும்.

மெய்ப்புப் பார்ப்பவர் வீட்டிலிருந்தும் நான் கூடத்திலிருந்தும் ஒரே விவரப்பட்டியலைத் திருத்துகிறோம் என்றால் ஆர்சிங்க் பொருந்தாது. யார் பிந்தி அனுப்பினாரோ அவருடைய பிரதியே மிஞ்சும். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் பியர்ஸ் தலைமையில் உருவான யூனிசன், முந்தைய ஒத்திசைவின்போது இருந்த நிலையைப் பதிந்து வைத்து, இரு பக்கங்களையும் அதனோடு ஒப்பிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் மாற்றத்தை மறுபக்கம் சேர்க்கும். இரண்டும் மாறியிருந்தால் எதையும் தொடாமல் நம்மிடம் கேட்கும். அந்தக் கேட்கும் பண்புக்காகவே நான் இதை மதிக்கிறேன். இரு முனைகளிலும் இதை நிறுவ வேண்டும் என்பதும், 2.52 க்கு முந்தைய பதிப்புகள் ஒன்றோடொன்று பேச மறுக்கும் என்பதும் தொல்லைகள்.

சிங்திங் கேட்பதே இல்லை. பின்னணியில் ஓடி, மாற்றம் நிகழ்ந்த சிறிது நேரத்தில் எல்லாச் சாதனங்களுக்கும் பரப்பிவிடும். மோதல் வந்தால் பழைய திருத்தத்தை வேறு பெயரில் அருகிலேயே வைக்கும். கட்டளை எழுதத் தயங்குபவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். ஆனால் அழித்தலும் அதே வேகத்தில் பரவும். பழைய பதிப்புகளைப் பேணும் வசதியை நாமாகத்தான் இயக்க வேண்டும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்போருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 'கோயில்' என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறைமையுள்ள பழைய ஆப்பிள் மாக் கணினி பிரித்துச் சேமிக்கும். லினக்ஸ் வந்தபடியே வைத்துக்கொள்ளும். ஆகவே சேவையகத்தில் பார்வைக்கு ஒரே பெயருடைய இரண்டு கோப்புகள் நிற்கும். சிங்திங் இயல்பாகவே இதைச் சீராக்குகிறது. ஆர்சிங்க்கில், பெயர்களின் குறியீட்டு வடிவை மாற்றும் ஐகொன்வ் என்ற விருப்பம் தேவை. மாக்குடன் நெடுங்காலம் வந்த 2.6.9 பதிப்பில் அது கிடையாது. பெயர்களை ஆங்கிலத்துக்கு மாற்ற மனம் வராததால், எங்கள் பழைய மாக்கில் புதிய ஆர்சிங்க்கை நாங்களே நிறுவிக்கொண்டோம்.