மாஸ்டடனின் சேவையகப் பட்டியல்: புதியவருக்கு எவ்வளவு கைகொடுக்கிறது?

ட்விட்டரைப் போலக் குறும்பதிவுகள் எழுதும் சமூக வலையமைப்பான மாஸ்டடனில் சேர வருபவர் முதலில் தடுமாறி நிற்பது, எந்தச் சேவையகத்தில் (சர்வரில்) கணக்குத் தொடங்குவது என்ற கேள்வியில்தான். 2016இல் ஒய்கன் ரோஹ்கோ தொடங்கிவைத்த இந்த வலையமைப்பில், தனியாட்களும் அமைப்புகளும் நடத்தும் ஆயிரக்கணக்கான சேவையகங்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக ஜாயின்மாஸ்டடன்.ஆர்க் தளம் ஒரு பட்டியலைத் தருகிறது.

வட்டாரம், மொழி, துறை, உடனே சேரலாமா விண்ணப்பிக்க வேண்டுமா என்றெல்லாம் அதில் வடிகட்டிப் பார்க்கலாம். ஆனால் அந்த வசதிகளைவிட நான் பெரிதாக மதிப்பது, பட்டியலில் இடம்பெற விரும்பும் சேவையகங்கள் ஏற்க வேண்டிய உடன்படிக்கையை. இனவெறி, பாலினப் பாகுபாடு, தன்பாலின ஈர்ப்பினர் மீதும் திருநர் மீதுமான வெறுப்பு ஆகியவற்றை முனைப்புடன் மட்டுறுத்த (கண்காணித்துக் கட்டுப்படுத்த) வேண்டும். நாள்தோறும் காப்புநகல் எடுக்க வேண்டும். நெருக்கடியில் கைகொடுக்க இன்னொருவரிடமாவது நிர்வாக அணுகல் இருக்க வேண்டும். மூடுவதானால் குறைந்தது 3 மாதங்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரின் பொறுப்பில் தன் கணக்கை ஒப்படைக்கப்போகும் புதியவருக்கு இது மெய்யான பாதுகாப்பு.

குறை, ஒவ்வொரு சேவையகத்துக்கும் ஒதுக்கப்பட்டுள்ள சிறு கட்டத்தில் இருக்கிறது. படமும் சுருக்கமான அறிமுகமும் சேர்வதற்கான பொத்தானும் கண்ணில் படுகின்றன, விதிகள் படுவதில்லை. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களுக்கான ஃபாஸ்டடன் என்ற சேவையகம், பொதுப்பதிவுகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்ற விதியை நெடுங்காலம் வைத்திருந்தது. அப்போது துறையை மட்டும் பார்த்து அங்கே நுழைந்த தமிழருக்கு, தன் மொழியில் பொதுவில் எழுத முடியாது என்பதைச் சேர்ந்த பிறகு அறிவது எவ்வளவு பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும்!

பிடிக்காவிட்டால் வேறு சேவையகத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று அனுபவசாலிகள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பின்தொடர்பவர்கள் புதிய கணக்குக்கு வந்துவிடுவார்கள் என்பதும், நாம் பின்தொடர்வோரின் பட்டியலைக் கோப்பாக இறக்கி மீண்டும் ஏற்றலாம் என்பதும் உண்மையே. எழுதிய பதிவுகளோ பழைய இடத்திலேயே தங்கிவிடும். அந்தச் சேவையகம் மூடப்படும்போது அவையும் போய்விடும். மாஸ்டடன்.லோல் என்ற சேவையகம் 2023 பிப்ரவரியில் மூடல் அறிவிப்பை வெளியிட்டு, மே வரை அவகாசம் தந்தது. அந்த அவகாசத்திலும் பதிவுகளைப் புதிய கணக்குக்கு நகர்த்த வழியிருக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் எழுதப்போகிறவருக்கு இந்த உண்மை, சேரும் பொத்தானுக்கு அருகிலேயே தெரிவிக்கப்பட வேண்டும்.

ஆகவே பட்டியலில் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்தபின், ஒவ்வொன்றின் அறிமுகப் பக்கத்தையும் திறந்து, நடத்துபவர் யார், விதிகள் என்ன, எந்தெந்தச் சேவையகங்களோடு தொடர்பைத் தடுத்திருக்கிறார்கள் என்று பார்த்த பிறகே சேருங்கள். தடுப்புப் பட்டியலைச் சிலர் வெளியிடுவதில்லை. காரணத்தோடு வெளியிடுபவர்களையே நான் தேர்ந்தெடுப்பேன்.