குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3: லென்ஸ் இடைவெளியை எதில் சரியாக வைக்கலாம்?

குவெஸ்ட் என்பது மெட்டா நிறுவனத்தின் தலையில் மாட்டும் விஆர் (மெய்நிகர் காட்சி) கருவி. அதன் இரண்டு லென்ஸ்களின் இடைவெளி உங்கள் கண்களின் இடைவெளிக்குப் பொருந்த வேண்டும். முதலில் உங்கள் கருமணிகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்று, ஸ்கேலைப் புருவத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். வலக்கண்ணை மூடி, இடக் கருமணியின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். தலையை அசைக்காமல் இடக்கண்ணை மூடி, வலக் கருமணியின் நடுவில் வரும் கோட்டைப் படியுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

2020இல் வந்த குவெஸ்ட் 2இல் மூன்றே நிலைகள்: 58, 63, 68 மி.மீ. லென்ஸ்களைக் கையால் தள்ளி மாற்ற வேண்டும். லென்ஸ் பரப்பைத் தொடாமல், சுற்றியுள்ள பிளாஸ்டிக் விளிம்பைப் பிடித்துத் தள்ளுங்கள். விரல் ரேகை பட்டால் காட்சி மங்கும். உங்கள் அளவு 63ஐ ஒட்டி இருந்தால் குறையே தெரியாது. 65 அல்லது 66 என்றால்தான் சிக்கல்: இரண்டு நிலைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். இதன் ஃப்ரெனல் லென்ஸில் (வளைய வளையமாக வரிகள் உள்ள லென்ஸ்) தெளிவான பகுதி சிறியது என்பதால், சில மில்லிமீட்டர் விலகினால் எழுத்தோரம் கலங்கலாம், கண் வலிக்கலாம். இரு கண்ணுக்கும் ஒரே திரை என்பதால், 68இல் திரையின் ஓரமும் கண்ணில் படும்.

2023இன் குவெஸ்ட் 3இல் கீழே ஒரு சக்கரம். மாட்டிய நிலையிலேயே திருப்பலாம். அளவு திரையில் தெரியும், 58 முதல் 71 வரை. கண்ணுக்கொரு திரை, பான்கேக் எனப்படும் தட்டையான லென்ஸ். இதில் தெளிவான பகுதி பெரியது என்பதால் சிறு பிழையைத் தாங்கும்.

வீட்டில் நாலு பேர் மாற்றி மாற்றிப் போடுவதென்றால் சக்கரமே வேண்டும். ஒருவர் மட்டும், அளவும் 63 என்றால், இதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.