மறுபடி சேர்ந்த பேண்டுகள்: சப்பாத்தா, மெய்டனா?

டர்பனில் ஹெவி மெட்டல் ராக் இசை கேட்கும் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இந்த வழக்கு வந்துவிடும். பேண்டை விட்டுப் போன பழைய ஆட்கள் திரும்பி வந்து போட்ட ஆல்பங்களில் எது தேறும்? பிளாக் சப்பாத்தின் ‘13’ ஒரு கட்சி, அயர்ன் மெய்டனின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ மறு கட்சி. நான் மெய்டன் கட்சி.

2013-ல் வந்த ‘13’-ஐ அசல் அணியின் ஆல்பம் என்கிறார்கள். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன், கிதாரிஸ்ட் டோனி அயோமி, பேஸ் கிதார் கீசர் பட்லர் மூவரும் உண்டு. டிரம்மர் பில் வார்டு இல்லை. ஒப்பந்தத் தகராறில் அவர் விலக, பிராட் வில்க் வாசித்தார். வில்க் தாளம் தப்பாதவர்தான். ஆனால் வார்டின் கை ஜாஸ் பக்கம் சாய்ந்து, உருண்டு புரண்டு வரும். அது இல்லாமல் சப்பாத் பாதிதான். தயாரிப்பாளர் ரிக் ரூபினுக்கு சப்பாத்தின் முதல் ஆல்பம்தான் அளவுகோல். கடைசிப் பாட்டு முடிந்ததும் மழை, இடி, மணியோசை. 1970-ல் அந்த முதல் ஆல்பம் தொடங்கியதும் இப்படித்தான். அயோமி புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவில் வாசித்த ரிஃப்களை (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்குகளை) குறை சொல்ல வாய் வராது. ஒலிப்பதிவைச் சொல்வேன்: எல்லாவற்றையும் சத்தமாக ஏற்றி நெரித்திருக்கிறார்கள். ஹெட்ஃபோனில் பாதியிலேயே காது களைத்துவிடும்.

நம் பெரியவர்களுக்கு சப்பாத் மேல் வேறொரு கணக்கும் உண்டு. நிறவெறி ஆட்சிக்கு எதிரான கலாசாரப் புறக்கணிப்பை மீறி, 1987-ல் இங்கே தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டி உல்லாச விடுதியில் வாசித்தார்கள். அப்போதைய டிரம்மர் பெவ் பெவன் வர மறுத்து விலகினார். அசல் நால்வரில் அன்று மேடையேறியது அயோமி மட்டும். அதைச் சொல்லியே ஆஸி ரசிகர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

மெய்டனின் 2000 ஆல்பம் அசல் அணி என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. பாடகர் புரூஸ் டிக்கின்சனும் கிதாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித்தும் திரும்பியபோது, இடையில் வந்த கிதாரிஸ்ட் ஜேனிக் கெர்ஸை யாரும் வெளியே அனுப்பவில்லை. கிதார் மூன்றானது. ஸ்டுடியோவில் எல்லாரும் சேர்ந்து நின்று வாசித்துப் பதிந்ததால் பாட்டுகளுக்கு மூச்சு இருக்கிறது. தயாரிப்பாளர் கெவின் ஷெர்லி தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளலாம். பேஸ் கிதார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ் தன் அப்பாவை நினைத்து எழுதிய ‘பிளட் பிரதர்ஸ்’ ஒன்றுக்கே காசு தகும். 2016-ல் கேப்டவுனுக்கும் ஜோகன்னஸ்பர்குக்கும் வந்தவர்கள் டர்பன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, அந்தக் கோபம் தனி.

இன்னொரு மெட்டல் பேண்டான ஜூடாஸ் பிரீஸ்டைப் பற்றியும் கேட்பீர்கள். பாடகர் ராப் ஹால்ஃபர்டு திரும்பி வந்த 2005 ஆல்பத்தில் முதல் பாட்டு அபாரம். கடைசியில் வரும் 13 நிமிட ‘லாக்னெஸ்’ பொறுமையைச் சோதிக்கும். ‘13’ கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் மெய்டனுக்கு அப்புறம்.